வெளிநாட்டுச் சந்தைக்கு உரிமமா, ஃபிரான்சைஸா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிறு நிறுவனங்கள் வெளிநாட்டுச் சந்தைக்குள் நுழைவது பற்றித் தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். உள்ளூரில் பெயர் பெற்ற உணவகங்களும் உணவுப் பொருள் தயாரிப்பாளர்களும் கடல் கடந்து போக வேண்டும் என்று ஊக்குவிக்கும் அதன் நோக்கத்தை மனமார வரவேற்கிறேன். ஆனால் உரிமம் கொடுப்பதையும் ஃபிரான்சைஸ் கொடுப்பதையும் ஒன்றாகவே பாவித்து, இரண்டும் முதல் போடாமல் வெளிநாட்டில் வருமானம் ஈட்டும் வழிகள் என்று அக்கட்டுரை முடித்துவிட்டது. கல்லூரியில் பன்னாட்டு வணிகம் கற்பித்தவன் என்ற முறையிலும், ஓய்வுக்குப் பின் கொங்கு வட்டாரத் தொழில்முனைவோர் கொண்டுவரும் ஒப்பந்தங்களைப் படித்துக் கருத்துச் சொல்பவன் என்ற முறையிலும், அந்த ஒரு வரி பலரைத் தவறான ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்துவிடுமோ என்ற கவலையால் இதை எழுதுகிறேன்.

உரிமம் கொடுப்பவர் தம்மிடமுள்ள காப்புரிமையையோ வடிவமைப்பையோ செய்முறையையோ வணிகச் சின்னத்தையோ, குறிப்பிட்ட நாட்டில் குறிப்பிட்ட காலத்துக்கு இன்னொருவர் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்து, அதற்கான கட்டணமாக ராயல்டி பெறுகிறார். வாங்கியவர் தம் ஆலையில், தம் ஆட்களைக் கொண்டு, பெரும்பாலும் தம் விருப்பப்படி தொழிலை நடத்துகிறார். ஃபிரான்சைஸில் கைமாறுவது தொழிலை நடத்தும் முறை முழுவதும் ஆகும்: பெயர்ப்பலகை, சமையலறை அமைப்பு, கொள்முதல், ஊழியர் பயிற்சி, கணக்கு வைக்கும் விதம் எல்லாம் கொடுத்தவர் சொல்லும்படியே இருக்க வேண்டும்; அப்படி இருக்கிறதா என்று அவர் பார்த்துக்கொண்டே இருக்கவும் வேண்டும். இரண்டிலும் கடைக்கோ ஆலைக்கோ முதல் போடுபவர் எதிர்த்தரப்பினர் என்பதால், வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

உரிமத்தின் இயல்பு என்ன என்பதைத் தெரிந்துகொள்ளத் தமிழர்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவொற்றியூரில் நடந்ததைப் பார்த்தாலே போதும். இங்கிலாந்தின் ரெட்டிட்ச் நகரில் இயங்கிவந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், இந்திய இராணுவம் புல்லட் மோட்டார் சைக்கிள்களைக் கேட்டு வாங்கத் தொடங்கியதை அடுத்து, 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் கைகோத்தது. அதன் பயனாக என்ஃபீல்டு இந்தியா பிறந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களை உரிமத்தின் பேரில் இங்கே பூட்டினார்கள். 1957-இல் பாகங்களைத் தயாரிப்பதற்கான கருவிகளும் இந்திய நிறுவனத்துக்கு விற்கப்பட்டன; சில ஆண்டுகளில் வண்டி முழுவதும் சென்னையிலேயே உருவாகும் நிலை வந்தது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்தில் தாய் நிறுவனத்தின் தயாரிப்பு அடியோடு நின்றது. திருவொற்றியூரிலோ அதே புல்லட் தொடர்ந்து வெளிவந்துகொண்டிருந்தது; 1977-இல் அது பிறந்த பிரிட்டனுக்கே ஏற்றுமதியும் ஆனது. 1994-இல் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்த அந்த நிறுவனம் இன்று உலகறிந்த ராயல் என்ஃபீல்டாக நிற்கிறது.

ரெட்டிட்ச் நிறுவனம் நலிந்ததற்குச் சென்னை காரணமன்று; பிரிட்டனின் மோட்டார் சைக்கிள் தொழில் முழுவதுமே அந்தக் காலத்தில் சரிந்தது. நான் சுட்டிக்காட்ட விரும்புவது வேறு. ஒருமுறை கைமாறிய தொழிலறிவைத் திரும்பப் பெற முடியாது. ஒப்பந்தக் காலம் முடியலாம், ராயல்டி நிற்கலாம், கொடுத்தவரே மறைந்தும் போகலாம். கற்றுக்கொண்டவரிடம் அது தங்கிவிடும். அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் டிரான்சிஸ்டருக்கான உரிமத்தை 25,000 டாலருக்குக் கொடுத்தபோது, அதைப் பெற்றுக்கொண்ட டோக்கியோவின் சிறு நிறுவனம் 1955-இல் டிரான்சிஸ்டர் ரேடியோவைக் கொண்டுவந்து, பிறகு சோனி என்ற பெயரில் உலகச் சந்தையையே பிடித்ததும் இதே வகையைச் சேர்ந்ததுதான். வாங்குபவருக்கு உரிமம் ஒரு பெரும் வாய்ப்பு. நம் நாட்டின் தொழில் வளர்ச்சியே அதற்குக் கடன்பட்டிருக்கிறது. கொடுக்கும் இடத்தில் நாம் இருக்கும்போதுதான், நாளை எதிரே நிற்கப்போகும் போட்டியாளருக்கு நாமே பாடம் சொல்லிக்கொடுக்கிறோம் என்பதை விலையில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அதற்காக உரிமம் தவறான வழி என்று சொல்லிவிட முடியாது. கேம்பிரிட்ஜில் 1990-இல் தொடங்கப்பட்ட ஆர்ம் நிறுவனம் தொடக்கத்திலிருந்தே சிப் தயாரித்து விற்காமல், வடிவமைப்பை உரிமமாகக் கொடுத்து, வாங்கியவர்கள் விற்கும் ஒவ்வொரு சிப்புக்கும் ராயல்டி பெற்றே வளர்ந்தது. இன்று கொடுத்த வடிவமைப்பு பழசாவதற்குள் அடுத்ததை அது தயாரித்துவிடுவதால், வாங்கியவர்கள் அதை விட்டு விலக முடிவதில்லை. அறிவை வரைபடத்திலும் சூத்திரத்திலும் முழுமையாக எழுதிக் கொடுக்க முடிகிற இடத்தில், அதுவும் அடுத்த கண்டுபிடிப்பு நம் கையில் இருக்கிறபோது, உரிமத்தைப் போலச் சிக்கனமான வழி வேறு இல்லை. புவிசார் குறியீடு பெற்ற கோயம்புத்தூர் வெட் கிரைண்டரைச் செய்யும் ஒருவர், தாம் உருவாக்கிப் பதிவுசெய்த புதிய கல் அமைப்பையோ மோட்டார் அமைப்பையோ வெளிநாட்டு உற்பத்தியாளருக்குக் கொடுப்பதானால் அதற்கு ஏற்றது உரிமமே. அந்த ஆலையில் தினமும் போய் நிற்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை.

வருமானக் கணக்கிலும் உரிமத்துக்கு ஒரு வரம்பு உண்டு. 1983 ஏப்ரலில் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலாந்தை ஓரியண்டல் லேண்ட் என்ற ஜப்பானிய நிறுவனம் தன் பணத்தில் கட்டி, தானே நடத்துகிறது. டிஸ்னிக்கு அதில் உரிமைப் பங்கு கிடையாது. நுழைவுக் கட்டணத்தில் 10 சதவீதமும், உணவு, பொருள் விற்பனையில் 5 சதவீதமும் ராயல்டியாகப் போகும் என்பதே ஏற்பாடு. ஃபுளோரிடாவில் எப்காட் பூங்காவுக்குப் பெரும் பணம் செலவாகிக்கொண்டிருந்த அந்த நேரத்தில், முன்பின் அறியாத நாட்டில் முதல் போடாமல் இருப்பது டிஸ்னிக்கு அறிவுடைமையாகவே தெரிந்திருக்கும். பூங்காவோ எல்லாரும் எதிர்பார்த்ததைவிட ஓடியது. லாபத்தின் பெரும்பகுதி ஜப்பானிலேயே தங்கியது. இந்த அனுபவத்துக்குப் பின் 1992-இல் பாரிஸ் அருகே திறந்த பூங்காவில் டிஸ்னி 49 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. அங்கே தொடக்க ஆண்டுகளில் கடும் நஷ்டம் வந்தது. ராயல்டிக்காரருக்கு நஷ்டம் இல்லை, ஆனால் அவருடைய லாபத்துக்கும் கூரை போட்டாகிவிட்டது. இந்த இரண்டையும் சேர்த்துத்தான் உரிமத்தை எடைபோட வேண்டும்.

இனி ஃபிரான்சைஸுக்கு வருகிறேன். இதற்கு மெக்டொனால்ட்ஸின் இந்திய வரலாற்றை விடச் சிறந்த பாடம் எனக்குத் தெரியவில்லை. 1996 அக்டோபரில் தில்லியின் வசந்த் விஹாரில் தன் முதல் கடையைத் திறந்த அந்த நிறுவனம், வடக்கு, கிழக்குப் பகுதிகளுக்கு விக்ரம் பக்ஷியையும் மேற்கு, தெற்குப் பகுதிகளுக்கு அமித் ஜாட்டியாவையும் கூட்டாளிகளாகச் சேர்த்துக்கொண்டது. கூட்டு நிறுவனத்தில் சரிபாதிப் பங்கு, அதன் மேல் ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் என்ற இரட்டை ஏற்பாடு அது. மாட்டிறைச்சியும் பன்றி இறைச்சியும் இல்லாத பட்டியல், சைவ உணவுக்கும் அசைவ உணவுக்கும் தனித்தனிச் சமையல் இடம், பண்ணையிலிருந்து கடை வரை குளிர்பதன வசதி என்று அவர்கள் முதல் கடைக்கு முன்பே செய்துவைத்த வேலை மிகப் பெரியது. ஃபிரான்சைஸ் கொடுப்பதற்கு முதல் வேண்டாம் என்பவர்கள் இந்த முன்செலவைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

மேற்கிலும் தெற்கிலும் 2010 வாக்கில் கூட்டாளியே முழுப் பொறுப்பையும் ஏற்று, ராயல்டி செலுத்தும் நிலைக்கு மாறினார். தொழில் அமைதியாக வளர்ந்தது. வடக்கிலோ 2013-இல் பக்ஷியை நிர்வாக இயக்குநர் பதவியிலிருந்து விலக்கியதில் தொடங்கிய வழக்கு பல ஆண்டுகள் நீண்டது. 2017 ஜூனில் உணவக அனுமதிகள் புதுப்பிக்கப்படாமல் தில்லியின் 55 கடைகளில் 43 மூடிக்கிடந்தன. ஜூலையில் தேசிய கம்பெனிகள் சட்டத் தீர்ப்பாயம் பக்ஷிக்குப் பதவியைத் திருப்பிக் கொடுத்தது. அடுத்த மாதமே 169 கடைகளுக்கான ஃபிரான்சைஸ் ஒப்பந்தத்தை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. ஒப்பந்தம் ரத்தான பிறகும் அதே பெயரில் கடைகள் நடந்த விசித்திரத்தைத் தலைநகரம் பார்த்தது. 2019 மே மாதம் பக்ஷியின் பங்கை மெக்டொனால்ட்ஸ் வாங்கிக்கொண்ட பிறகே விவகாரம் முடிந்தது. ஒரே பெயர், ஒரே நாடு, ஏறத்தாழ ஒரே வகை ஒப்பந்தம். ஆனால் இரண்டு கூட்டாளிகள், இரண்டு முடிவுகள். உலகின் மிக அனுபவமிக்க ஃபிரான்சைஸ் நிறுவனத்துக்கே கூட்டாளியைப் பிரிவதில் இவ்வளவு தொல்லை என்றால், அனுபவமே இல்லாத நம்மவர்கள் எவ்வளவு எச்சரிக்கையாக இருக்க வேண்டும்!

கூட்டாளி வலுத்துத் தாய் நிறுவனத்தையே வாங்கிய வரலாறும் இருக்கிறது. அமெரிக்காவின் சவுத்லேண்ட் நிறுவனம் 1973-இல் செவன்-லெவன் கடைகளை ஜப்பானில் நடத்தும் உரிமையை இடோ-யோகடோ குழுமத்துக்குக் கொடுத்தது. சரக்கு இருப்பை மணிக்கு மணி கவனித்து, சிறு சிறு அளவில் அடிக்கடி நிரப்பும் முறையை ஜப்பானியர்கள் தாமே வளர்த்தெடுத்தார்கள். 1990-இல் சவுத்லேண்ட் திவால் பாதுகாப்புக் கோரியபோது, 43 கோடி டாலர் கொடுத்து அதன் பெரும்பான்மைப் பங்கை 1991-இல் வாங்கியவர்கள் அவர்களே.

தமிழ்நாட்டுக்குத் திரும்புவோம். சிங்கப்பூரின் லிட்டில் இந்தியாவிலும் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலும் துபாயின் கராமாவிலும் சென்னைப் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போகிறவர், சென்னையில் சாப்பிட்ட அதே சாம்பாரை எதிர்பார்க்கிறார். அந்தச் சாம்பாரை வரைபடமாகவோ சூத்திரமாகவோ எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட முடியாது. மாவு புளிக்கும் நேரம் ஊரின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப மாறும், பருப்பு மாறும், சமையல்காரர் விடுப்பில் போவார். உணவகம், அழகு நிலையம், பயிற்சி மையம் போன்ற தொழில்களின் மதிப்பு அன்றாட நடத்தையில் இருக்கிறது. இவற்றுக்குத் தேவை கண்காணிப்போடு கூடிய ஃபிரான்சைஸ். ஆனால் என்னிடம் வரும் ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை, பெயரைப் பயன்படுத்திக்கொள்ளலாம், ஆண்டுக்கு இவ்வளவு தர வேண்டும் என்பதற்கு மேல் அதிகம் சொல்லாத உரிம ஒப்பந்தங்கள். சமையலறையைச் சோதிக்கும் உரிமை இல்லை. மசாலாவை யாரிடம் வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. இரண்டாவது கடை திறக்க அனுமதி வேண்டுமா என்பதே இல்லை. வளைகுடா நாடொன்றில் ஒரு கூட்டாளி இப்படிப்பட்ட ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு அடுத்தடுத்துக் கடைகள் திறந்து, தரத்தைக் குறைத்து, பெயரைக் கெடுத்ததையும், இங்கே உரிமையாளர் ஒன்றும் செய்ய முடியாமல் தவித்ததையும் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

கண்காணிக்காமல் பெயரை மட்டும் கொடுப்பதில் தரக்கேட்டுக்கு மேல் இன்னோர் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவில் 'லியனார்டோ டா வின்சி' என்ற ஒயின் பெயரை உரிமம் கொடுத்த நிறுவனம், ஒயினின் தரத்தை எப்போதோ ஒருமுறை சுவைத்துப் பார்த்ததைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை என்பதற்காக, 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் அந்தப் பெயரின் மீதான உரிமையையே இழந்தது. ராயல்டி வந்துகொண்டிருந்தது, பெயர் போய்விட்டது.

ஒரே நிறுவனம் தன் தொழிலைப் பிரித்து, ஒரு பகுதியைத் தன் கண்காணிப்பில் வைத்துக்கொண்டு மற்றதை உரிமமாகக் கொடுக்கலாம் என்பதையும் சொல்ல வேண்டும். ஸ்டார்பக்ஸ் இந்தியாவில் கடைகளை 2012 முதல் டாடா குழுமத்துடனான கூட்டு நிறுவனமாகவே நடத்துகிறது. தன் கடைகளுக்கு வெளியே விற்கும் பாக்கெட் காபியை உலகெங்கும் விற்கும் உரிமையை மட்டும் 2018-இல் 715 கோடி டாலருக்கு நெஸ்லேவிடம் கொடுத்தது. கடையில் நடப்பதைக் கை நழுவ விடவில்லை. பெட்டியில் அடைக்க முடிந்ததை அடைத்துக் கொடுத்துவிட்டது. சாம்பார் பொடியும் விற்று உணவகமும் நடத்தும் நம் ஊர் நிறுவனங்கள் பின்பற்றத்தக்க முறை இது என்பது என் உறுதியான கருத்து.

எந்த வழியில் போனாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை பெயரைப் பதிவுசெய்வது. வணிகச் சின்ன உரிமை ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி. சென்னையில் பதிவுசெய்தது கோலாலம்பூரில் செல்லாது. பர்கர் கிங் ஆஸ்திரேலியாவுக்குப் போனபோது அங்கே அந்தப் பெயர் ஏற்கெனவே இன்னொருவரிடம் இருந்ததால், அதன் ஃபிரான்சைஸ் கடைகள் 1971 முதல் 'ஹங்ரி ஜாக்ஸ்' என்றே நடக்கின்றன. வணிகச் சின்னப் பதிவுக்கான பன்னாட்டு உடன்படிக்கையாகிய மாட்ரிட் நெறிமுறையில் இந்தியா 2013-இலும் மலேசியா 2019-இலும் சேர்ந்துவிட்டதால், இங்கிருந்தே ஒரே விண்ணப்பத்தில் அங்கும் பதிவு கோர முடிகிறது. வெளிநாட்டுக் கூட்டாளி நல்லெண்ணத்தோடு தம் பெயரில் பதிவுசெய்து தருகிறேன் என்று சொன்னால், அதற்கு ஒருபோதும் இசையக் கூடாது.

சட்டங்களும் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. மலேசியாவில் 1998 முதல் இருக்கிறது. அங்கே வெளிநாட்டு நிறுவனம் பதிவாளரின் ஒப்புதலைப் பெற வேண்டும்; ஒப்பந்தக் காலம் 5 ஆண்டுகளுக்குக் குறையக் கூடாது. அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாட்களுக்கு முன்பே நிறுவனத்தின் நிதிநிலை, வழக்குகள், கட்டணங்கள் எல்லாவற்றையும் கூறும் ஆவணத்தை எதிர்த்தரப்பிடம் கொடுத்தாக வேண்டும். வணிகச் சின்னம், குறிப்பிடத்தக்க கட்டுப்பாடு அல்லது உதவி, கட்டாயக் கட்டணம் ஆகிய மூன்றும் இருந்தால், மேலே உரிம ஒப்பந்தம் என்று எழுதியிருந்தாலும் அந்நாட்டுச் சட்டம் அதை ஃபிரான்சைஸாகவே கொள்ளும். நம் நாட்டில், ஃபிரான்சைஸ் ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்வரை போட்டியாளரின் பானத்தைத் தயாரிக்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்று குஜராத் பாட்லிங் - கோகோ கோலா வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகு அதே தொழிலைச் செய்யக் கூடாது என்று தடுப்பதற்கோ 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பொதுவாக இடம் தருவதில்லை. ஆகையால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், தகராறு எங்கே தீர்க்கப்படும் என்பதைக் கடைசிப் பக்கத்துச் சம்பிரதாய வரியாக விட்டுவிடக் கூடாது.

ராயல்டியை லாபத்தின் மீது அல்லாமல் மொத்த விற்பனையின் மீது நிர்ணயிப்பதே கொடுப்பவருக்குப் பாதுகாப்பு. லாபக் கணக்கை எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். பல நாடுகளில் ராயல்டி அனுப்பும்போதே வரி பிடித்தம் செய்துவிடுவார்கள் என்பதால், கையில் வரும் தொகையை இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கையைப் பார்த்துத்தான் கணக்கிட வேண்டும்.

தங்கள் நாளிதழ் வழியாக இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாவட்டத் தொழில் மையங்களும் வணிகச் சங்கங்களும் நடத்தும் ஏற்றுமதிப் பயிற்சிகளில், சுங்க நடைமுறைக்கும் வங்கிக் கடனுக்கும் ஒதுக்கும் நேரத்தில் ஒரு பகுதியையாவது உரிம, ஃபிரான்சைஸ் ஒப்பந்தங்களை வரிவரியாகப் படிக்கக் கற்றுக்கொடுப்பதற்கு ஒதுக்க வேண்டும். ஏற்கெனவே மேலோட்டமான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு வெளிநாட்டில் பெயரைக் கொடுத்திருக்கும் உணவக உரிமையாளர்கள், புதுப்பிக்கும் தேதி வரும்வரை காத்திராமல், கூட்டாளியோடு உறவு நன்றாக இருக்கும் இப்போதே ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக்கொள்ள வேண்டும். முன்னறிவிப்பின்றிச் சமையலறையைச் சோதிக்கும் உரிமை, விற்பனைக் கணக்கை நேரடியாகப் பார்க்கும் வசதி, புதிய கடைக்கு எழுத்துமூல அனுமதி, ஒப்பந்தம் முடிந்தால் எத்தனை நாளுக்குள் பெயர்ப்பலகை இறங்க வேண்டும் என்ற கெடு ஆகிய நான்கும் அதில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற வணிகவியல் பேராசிரியர்,
கோயம்புத்தூர்